காசியில் 93 பேர்

சங்கராந்திக்கு முந்தைய வாரங்களில் விசாகப்பட்டினத்தின் ராமகிருஷ்ணா கடற்கரைச் சாலையில் பள்ளிப் பேருந்துகள் வரிசையாக நிற்கும். சீருடைகள் வேறு, மாவட்டங்கள் வேறு. இறங்கியதும் பிள்ளைகள் செய்வது மட்டும் ஒன்றுதான்: முதலில் கடலைப் பார்க்கிறார்கள். ஆசிரியர்கள் அதட்டி வரிசைப்படுத்திய பிறகே, கரையில் ஏற்றி நிறுத்தப்பட்டிருக்கும் அந்த நீண்ட கரிய உடலைப் பார்க்கிறார்கள். 91 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் கொண்ட ஐ.என்.எஸ். குர்சுரா என்னும் நீர்மூழ்கிக் கப்பல், 31 ஆண்டுகள் கடற்படையில் ஊழியம் செய்து முடித்து, இப்போது நுழைவுச்சீட்டு வாங்கியவர்களை ஒரு முனையில் விழுங்கி மறுமுனையில் வெளியே விடுகிறது.

சோவியத் ஒன்றியத்தில் கட்டப்பட்ட இக்கப்பல் 1969 டிசம்பர் 18 அன்று ரீகாவில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. 73,500 கடல் மைல் ஓடி, 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. அதைக் கரைக்கு இழுத்து நிலைநிறுத்த ஒன்றரை ஆண்டும் ஐந்தரைக் கோடி ரூபாயும் செலவாயின. 2002 ஆகஸ்டில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அருங்காட்சியகம் என்னும் சொல்லுக்கு நாம் பழகியிருக்கும் கூடம், தூண், கண்ணாடிப் பேழை என்பவை இங்கே பொருந்தா. காட்சிப்பொருளே கட்டடம், அதன் வயிற்றுக்குள் நடந்துசெல்வதே பார்வையிடுதல். வழிகாட்டிகள் ஓய்வுபெற்ற கடற்படையினர். கூட்டம் மிகுந்த நாளில் ஒரு வகுப்புக்குக் கிடைக்கும் நேரம் பத்துப் பன்னிரண்டு நிமிடந்தான். அடுத்த பள்ளி பின்னால் நெருக்கிக்கொண்டே வரும்.

இந்தப் பன்னிரண்டு நிமிடத்தைப் பற்றி நம் ஆய்வுலகம் பெரிதாக எழுதியதில்லை. போர் நினைவிடங்களைக் குறித்த கட்டுரைகள் சுவரில் எழுதியிருப்பதைப் படிக்கின்றன, சிலையின் கை எந்தத் திசையைச் சுட்டுகிறது என்று ஆராய்கின்றன, திறந்துவைத்தவரின் உரையைப் பகுத்துப் பார்க்கின்றன. பார்த்துவிட்டுப் போன பிள்ளை தன் நோட்டில் என்ன எழுதிற்று என்பதை யாரும் கேட்டுவாங்கிப் படிப்பதில்லை. அந்த நோட்டுகள் ஆண்டிறுதியில் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போய்விடுகின்றன.

அப்படி எடைக்குப் போகாத நோட்டுகள் சில திருப்பதி மாவட்டத்து நாகலாபுரத்தில், ஒரு பள்ளி அலமாரியில் இருக்கின்றன.

நாகலாபுரம் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். துணியெடுக்கவும் உறவுக்காரர் திருமணத்துக்கும் ஊத்துக்கோட்டைப் பக்கம் போவார்கள். சான்றிதழுக்கும் அரசு வேலைக்கும் திருப்பதிப் பக்கம் போவார்கள். வீட்டில் தமிழும் வீதியில் இரண்டும் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமுமாக வளர்கிற பிள்ளைகள் இங்கே ஏராளம். கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாதேவியின் பெயரால் அமைத்த ஊர் இது என்பது வழக்கு. அவர் எழுப்பிய வேதநாராயணப் பெருமாள் கோயிலில் மூலவர் மச்சாவதாரத்தில் இருக்கிறார். இடைக்கு மேல் திருமால், கீழே மீன். வேதங்களைக் கவர்ந்து கடலடியில் ஒளித்த சோமகாசுரனைத் தேடிக் கடலுக்குள் பாய்ந்து, அவனைக் கொன்று, வேதங்களை மீட்டுவந்த அவதாரம். பங்குனியில் மூன்று நாள் மாலை வெயில் கருவறைக்குள் நுழைந்து, முதல் நாள் திருவடியிலும் அடுத்த நாள் நாபியிலும் மூன்றாம் நாள் திருமுடியிலும் படும். சுற்றுவட்டாரமே அதைப் பார்க்கத் திரளும். கடலிலிருந்து இவ்வளவு தள்ளியிருக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கடலடி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கோயில்தான். குர்சுராவைக் கண்டதும் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், “மேடம், நம்ம சாமி மாதிரியே இருக்குது” என்றதில் வேடிக்கை ஏதும் இல்லை.

அந்த வகுப்பை அழைத்துவந்தவர் சமூக அறிவியல் ஆசிரியை. ரேணிகுண்டாவில் இரவு வண்டி ஏறி, 700 கிலோமீட்டருக்கும் மேல் பயணம். நாற்பது சொச்சம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதற்கு முன் கடலைப் பார்த்ததில்லை. பாதிப் பேர் ரயிலே ஏறியதில்லை. விசாகப்பட்டினத்தைத் தேர்ந்தெடுத்ததற்குப் பாடத்திட்டம் காரணமில்லை. மலை, கடல், மிருகக்காட்சிசாலை, கப்பல் என நான்கும் ஒரே ஊரில் கிடைக்கும் என்பதே காரணம். பள்ளிச் சுற்றுலாக்கள் எப்போதும் இப்படித்தான் தீர்மானிக்கப்படுகின்றன. வரலாறு அதன் போக்கில் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது.

வரிசையில் நிற்கும்போதே சொல்லாராய்ச்சி தொடங்கிவிட்டது. தெலுங்குப் பாடநூலில் இதற்கு ‘ஜலாந்தர்காமி’ என்று பெயர். நீருக்குள்ளே செல்வது என்று பொருள். தமிழில் ‘நீர்மூழ்கி’. உள்ளே செல்வது வேறு, மூழ்குவது வேறு என்று ஒரு மாணவி வாதிட்டாள். மூழ்கினால் முடிந்தது கதை, அப்படியிருக்க மூழ்குவதையே ஒரு கப்பலுக்கு எப்படிப் பெயராக வைப்பார்கள் என்பது அவள் கேள்வி. முத்துக்குளிக்கிறவரும் மூழ்கித்தானே எழுகிறார் என்று ஆசிரியை பதில் சொன்னார். அவள் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. ‘மூழ்கு’ என்னும் வினைக்குள் திரும்பி எழுவதற்கான உறுதி எதுவுமில்லை என்பதை அவள் சரியாகவே கண்டுபிடித்திருந்தாள். அன்று பிற்பகல் முழுவதும் அந்தச் சந்தேகம் அவளைவிட்டுப் போகவில்லை.

உள்ளே ஏழு அறைகள். ஓர் அறையிலிருந்து அடுத்ததற்குப் போக வட்டத் துளையில் குனிந்து, ஒரு காலை முதலில் தூக்கிவைத்து நுழைய வேண்டும். பருத்த பெரியவர்கள் தடுமாறும் இடத்தில் பதினான்கு வயதுப் பிள்ளைகள் எலிபோலப் புகுந்து போகிறார்கள். குழாய்கள், சக்கரங்கள், ரஷ்ய எழுத்து பொறித்த அளவிகள். ஏற்கெனவே மூன்று எழுத்து வடிவங்களோடு மல்லுக்கட்டும் பிள்ளைகளுக்கு நான்காவதாக ஒன்று. டார்பிடோ குழாய்கள் முன்னே ஆறு, பின்னே நான்கு. சுமந்து செல்லக்கூடிய டார்பிடோக்கள் 22. இந்த எண்களை வழிகாட்டி சொன்னபோது பையன்கள் எழுதிக்கொண்டார்கள். பெண்பிள்ளைகளோ படுக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டார்பிடோக்கள் கிடக்கும் அறையிலேயே ஆட்களும் படுத்தார்கள் என்பது அவர்களுக்குப் புரிய நேரம் பிடித்தது. ஏறத்தாழ 75 பேர் இதற்குள் வாரக்கணக்கில் இருந்தார்கள் என்றதும், ஒரு பெண் தன் வகுப்பை மனத்துக்குள் இரட்டிப்பாக்கிப் பார்த்திருக்க வேண்டும். “எங்க குளிப்பாங்க?” என்று கேட்டாள். நன்னீரை அளந்துதான் தருவார்கள், குளியல் என்ற பேச்சே இல்லை என்றார் வழிகாட்டி. துவைப்பது? அதுவும் இல்லை. கோடையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து பழகிய பிள்ளைகளுக்கு அந்தப் பதில் வேறெந்த எண்ணையும்விடத் தெளிவாக விளங்கியது.

இந்த அருங்காட்சியகத்தின் உண்மையான பலம் இதுதான். போரைப் பற்றி அது அதிகம் சொல்வதில்லை. ஆனால் போருக்குப் போன உடலுக்கு எவ்வளவு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது என்பதைக் குனிந்து நுழையும் ஒவ்வொரு துளையிலும் பிள்ளையின் முதுகுக்கே சொல்லிவிடுகிறது. பாடநூலின் எந்தப் பத்தியாலும் இதைச் செய்ய இயலாது.

காற்று எங்கிருந்து வந்தது என்று ஒருவன் கேட்டான். வழிகாட்டி தரையைக் காலால் தட்டிக் காட்டினார். அடியில் மின்கலங்கள். நீருக்கு மேலே இருக்கும்போது டீசல் என்ஜின்கள் ஓடும். மூழ்கியபின் டீசலுக்குக் காற்று கிடையாது, ஆகவே மின்கலந்தான் கதி. அது தீர்ந்தால் மேலே வந்தாக வேண்டும், வந்தால் எதிரி கண்ணில் பட வேண்டும். மின்கலத்தில் மின்சாரம் ஏற்றும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும். அது தேங்கினால் ஒரு பொறி போதும். ஆகவே நீர்மூழ்கியில் இருப்பவர்கள் வெளியே உள்ள பகைவனுக்கு அஞ்சும் அளவு உள்ளே உள்ள வாயுவுக்கும் அஞ்ச வேண்டும். இந்தக் கடைசிச் செய்தி பின்னால் தேவைப்படும்.

நடுவறைக்கு வந்தபோது, எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் கேட்கும் கேள்வி வந்தது: “காஸியை அடிச்சது இந்தக் கப்பல்தானா சார்?”

2017இல் சங்கல்ப் ரெட்டி இயக்கத்தில் தெலுங்கிலும் இந்தியிலும் வந்த ‘காஸி’ திரைப்படம் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடுகிறது. தேசிய விருது பெற்ற படம். அதில் இந்திய நீர்மூழ்கி ஒன்று, பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கியைக் கடலடியிலேயே நேருக்கு நேர் எதிர்கொண்டு வீழ்த்துகிறது. விசாகப்பட்டினம் கடற்கரையில் ஒரு நீர்மூழ்கியைக் கண்ட பிள்ளை இரண்டையும் இணைத்துக்கொள்வது இயல்பே.

இது இல்லை என்று வழிகாட்டி சொன்னார். பையன்களின் முகங்கள் வாடின. உண்மை அதைவிடவும் ஏமாற்றமானது. 1971 போர்க்காலத்தில் குர்சுரா வங்காள விரிகுடாவிலேயே இல்லை; அரபிக்கடலில் சுற்றுக்காவலில் இருந்தது. அடையாளம் உறுதியாகாத எந்தக் கலத்தையும் தாக்கக் கூடாது என்பது அதற்கு இடப்பட்டிருந்த கட்டளைகளுள் ஒன்று. அந்தப் போரில் இந்திய நீர்மூழ்கி எதுவும் எந்தக் கப்பலையும் மூழ்கடிக்கவில்லை. பிள்ளைகள் நடந்துசெல்லும் இந்தக் கப்பல், போருக்குப் போய், ஒருவரையும் கொல்லாமல் திரும்பிய கப்பல். அதனாலேயே அது கரையில் நிற்கிறது என்று சொன்னால் தருக்கப் பிழை. ஆனால் கொன்றதும் கொல்லப்பட்டதும் பெரும்பாலும் கடலடியில் கிடக்க, இரண்டும் செய்யாததுதான் நமக்கு அருங்காட்சியகமாகக் கிடைத்திருக்கிறது. இந்த உண்மையை அறிவிப்புப் பலகையில் பெரிதாக எழுதினால் நுழைவுச்சீட்டு விற்பனை குறையுமோ என்னவோ.

காஸியின் கதையை வழிகாட்டி சுருக்கமாகச் சொன்னார். ஆசிரியை அதை மாலையில் மணலில் உட்கார்த்தி விரித்துச் சொன்னார். அமெரிக்கக் கடற்படையில் ‘டயப்லோ’ என்னும் பெயரில் இருந்து பாகிஸ்தானுக்கு வந்த நீர்மூழ்கி அது. 1971 நவம்பர் 14 அன்று கராச்சியிலிருந்து புறப்பட்டு, தீபகற்பத்தைச் சுற்றிக்கொண்டு வங்காள விரிகுடாவுக்கு வந்தது. அது தேடிவந்தது விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தை. கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் நாகர்கோவிலில் பிறந்தவர். அவர் விக்ராந்தை ரகசியமாக அந்தமான் பக்கம் அனுப்பிவிட்டு, ராஜ்புத் என்னும் பழைய நாசகாரிக் கப்பலை விக்ராந்தாக நடிக்க வைத்தார். நடிப்பு பெரும்பாலும் சொற்களால் ஆனது. வானொலிச் செய்திகளை வேண்டுமென்றே அதிகமாக்கினார்கள். ஒரு பெருங்கப்பலுக்கு வேண்டிய அளவு அரிசி, இறைச்சி, காய்கறிக்கு ஏற்பாடு நடந்தது. கடைத்தெருவில் பேச்சு பரவட்டும் என்பதற்காக. எல்லாவற்றுக்கும் மேலாக, விக்ராந்தில் இருக்கும் ஒரு மாலுமி, நோயுற்ற தன் தாயின் உடல்நிலையை விசாரித்து அனுப்புவதுபோல ஒரு தனிப்பட்ட தந்தியை மறைகுறி எதுவுமில்லாமல் அனுப்ப வைத்தார்கள். கிருஷ்ணன் தம் தன்வரலாற்றில் இதைச் சற்றுப் பெருமையுடனேயே பதிவுசெய்திருக்கிறார். எதிரி ஒட்டுக்கேட்பான், கட்டுப்பாடுகளை மறந்து மகன் அனுப்பிய தந்தி என நம்புவான், கப்பல் இங்கேதான் இருக்கிறது என்று முடிவுகட்டுவான்.

தாயின் பெயரால் அமைந்த ஊரிலிருந்து வந்த பிள்ளைகள் இந்தத் தந்திக் கதையைத்தான் மிகவும் விரும்பினார்கள். திரும்பவும் சொல்லச் சொன்னார்கள். ஒரு பையன், “அந்தம்மாவுக்கு நெஜமா ஒடம்பு சரியில்லையா?” என்றான். அப்படி ஓர் அம்மாவே இல்லை என்றார் ஆசிரியை. பையனுக்கு அது பிடிக்கவில்லை.

டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி ராஜ்புத் துறைமுகத்திலிருந்து வெளியேறியது. நீரில் சந்தேகத்துக்குரிய கலக்கத்தைக் கண்டு ஆழ்வெடிகளைப் போட்டது. சற்று நேரத்தில் பெரும் வெடிச்சத்தம் கேட்டது. கரையில் சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பின்னர் மீனவர்கள் கடலில் மிதந்த பொருள்களைக் கண்டு கொண்டுவந்தார்கள். டிசம்பர் 9 அன்று காஸி மூழ்கடிக்கப்பட்டதாக இந்தியா அறிவித்தது.

பாகிஸ்தான் இதை ஏற்பதில்லை. காஸி, தான் விதைத்த கண்ணிவெடியில் தானே சிக்கியது என்கிறது. இந்திய அதிகாரிகள் சிலரே ஓய்வுபெற்றபின் உள்வெடிப்பாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். மின்கலத்து ஹைட்ரஜன் என்பது அவ்வாறு சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. அன்று பிற்பகல் காலடியில் தட்டிக் காட்டப்பட்ட அதே மின்கலம். ஆசிரியை மூன்றையும் சொன்னார். மூன்றையும் சொல்வதா, ஒன்றை மட்டும் சொல்வதா என்று அவர் ரயிலிலேயே யோசித்து வந்திருக்க வேண்டும். பையில் குறிப்புத்தாள் இருந்தது. பிள்ளைகள் புளிச்சாதப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு குழம்பிப்போய்ப் பார்த்தார்கள்.

“எது மேடம் கரெக்டு?”

“தெரியாது.”

“பரீட்சையில எதை எழுதணும்?”

“பரீட்சையில இது வராது.”

எல்லோருக்கும் நிம்மதி. வரலாற்றின் முக்கியமான விஷயங்கள் பரீட்சையில் வராமல் போவதில் உள்ள நன்மை இது. பிள்ளைகள் அவற்றை அச்சமின்றிக் கேட்கலாம்.

ஆனால் கப்பலுக்குள்ளேயே வேறொரு கேள்வி கேட்கப்பட்டிருந்தது. ‘மூழ்கு’ என்னும் சொல்லோடு வாதிட்ட அதே மாணவி, காஸி மூழ்கியது என்று வழிகாட்டி சொல்லி முடித்ததும், “உள்ள இருந்தவங்க?” என்றாள். அவர் தெலுங்கில் சொன்னார்: 93 பேர். யாரும் வெளியே வரவில்லை. அதைச் சொன்ன குரலில் வெற்றியும் இல்லை, வருத்தமும் இல்லை. டார்பிடோ எத்தனை என்று சொன்ன அதே குரல். ஆனால் பின்னால் வேறொரு பள்ளி நெருக்கிக்கொண்டு நின்றும், அந்த ஓரிடத்தில் மட்டும் அவர் பிள்ளைகளை நகரச் சொல்லவில்லை. இரும்புச் சுவரை, குழாய்களை, வந்த துளையை, போகவேண்டிய துளையைப் பிள்ளைகள் தாமாகவே ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். 93 என்பது எவ்வளவு பேர் என்று அந்த அறையில் நின்றுகொண்டு கணக்கிடுவதும், வகுப்பறையில் உட்கார்ந்து கணக்கிடுவதும் ஒன்றல்ல.

போரின் வெற்றிக் கதையைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் இடம் எதுவானாலும் இந்தச் சிக்கல் உண்டு. எதிர்ப்பக்கத்திலும் இதே ஏற்பாடுதான். 1971 டிசம்பர் 9 இரவு, பாகிஸ்தானின் ஹாங்கோர் நீர்மூழ்கி தியூவுக்கு அப்பால் இந்தியாவின் குக்ரி போர்க்கப்பலை டார்பிடோவால் தாக்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். தளபதி கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலைவிட்டு அகலாமல் அதனுடனேயே போனார். தியூவில் அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. அந்த ஹாங்கோர் இன்று கராச்சியில், பாகிஸ்தான் கடல்சார் அருங்காட்சியகத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது. அங்கும் சீருடைப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். அங்கும் யாரேனும் ஒரு பிள்ளை, “உள்ளே இருந்தவர்கள்?” என்று உருதுவிலோ சிந்தியிலோ கேட்டிருக்கக்கூடும். கேட்டிருந்தால் விடை 194.

விசாகப்பட்டினக் கடலுக்கு இது முதல் தடவையும் இல்லை. 1942 ஏப்ரல் 6 அன்று ஜப்பானிய விமானங்கள் இவ்வூரில் குண்டு வீசின. 1944 பிப்ரவரியில் ஜப்பானின் ஆர்.ஓ.110 நீர்மூழ்கி இதே கரைக்கு அப்பால் இந்திய, ஆஸ்திரேலியக் கப்பல்களால் மூழ்கடிக்கப்பட்டது. காஸி கிடக்கும் இடத்தை இந்தியக் கடற்படையின் ஆழ்கடல் மீட்புக் கலம் கண்டறிந்ததாக 2024இல் செய்தி வந்தது. மூழ்கிப்போன நீர்மூழ்கியிலிருந்து ஆட்களை உயிருடன் மேலே கொண்டுவருவதற்காகவே செய்யப்பட்ட கலம் அது. 52 ஆண்டுகள் கழித்து அது காஸியிடம் போய்ச் சேர்ந்தது. இறந்தவர்களுக்கு மரியாதையாக எதையும் தொடாமல் விட்டுவிட்டதாகக் கடற்படைத் தரப்பில் சொன்னார்கள். அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வரும் பிள்ளைகள் பஞ்சுமிட்டாய் வாங்கிக்கொண்டு பார்ப்பது அந்தக் கடலைத்தான்.

ஊர் திரும்பியதும் ஆசிரியை இரண்டு பக்கத்தில் பயணக் கட்டுரை எழுதச் சொன்னார். எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம் என்றார். பெரும்பாலான நோட்டுகளில் ரயில், கடல், கைலாசகிரிக் கம்பிவழி வண்டி, யார் வாந்தியெடுத்தார்கள் என்பவை விரிவாக இருந்தன. குர்சுராவுக்கு ஐந்தாறு வரி. குளிக்க முடியாது என்பது ஏறத்தாழ எல்லா நோட்டிலும் இருந்தது. தாயின் தந்தி பாதி நோட்டுகளில் இருந்தது. காஸியைக் குர்சுராவே மூழ்கடித்தது என்று ஏழெட்டுப் பேர் துணிந்து எழுதியிருந்தார்கள். வழிகாட்டி மறுத்ததும் ஆசிரியை விளக்கியதும் திரைப்படத்துக்கு முன்னால் நிற்கவில்லை. ஒரு பையன் காதில் விழுந்ததைத் தெலுங்கு ‘காஜு’வோடு சேர்த்துப் புரிந்துகொண்டு, அது கண்ணாடியால் செய்த கப்பல், அதனால் உடைந்தது என்று எழுதியிருந்தான். விளக்கம் என்ற அளவில் அது மற்ற மூன்றுக்கும் பெரிதாகக் குறைந்ததில்லை.

வாதாடிய மாணவி தமிழில் எழுதியிருந்தாள். தெலுங்கில் எழுதியிருந்தால் சிக்கல் எழுந்திராது. அதில் ககரம் நான்கு. காசிக்கு ஒன்று, காஸிக்கு வேறொன்று, இசுலாமிய நீதிபதியான காஜிக்கு இன்னொன்று என்று பிரித்து எழுத இடமுண்டு. தமிழில் ககரம் ஒன்றே. கிரந்த எழுத்தையும் தவிர்த்துவிட்டால், அரபு மொழியில் போர்வீரனைக் குறிக்கும் அந்தச் சொல்லும் கங்கைக்கரை நகரமும் எழுத்தில் ஒன்றாகிவிடும். அவள் வரி இப்படி இருந்தது: காசியில் 93 பேர் இறந்தார்கள்.

நோட்டை முதலில் படித்தது ஆசிரியை அல்ல, அவளுடைய ஆயா. பேத்தி எழுதுவதையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பழக்கம் அவருக்கு. அந்த வரிக்கு வந்ததும் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, “காசியிலயா? கொடுத்து வச்சவங்க. அங்க செத்தா மறுபடி பொறக்க வேண்டாமே” என்றாராம். பேத்தி சிரித்துவிட்டாள். பிறகு இது ஊர் இல்லை, கப்பல். நம்ம கப்பல் இல்லை, அவங்க கப்பல். கடலுக்கு அடியில் என்று விளக்கினாள். தந்திக் கதையையும் சொன்னாள். ஆயா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தபால்காரர் சைக்கிள் வாசலில் நின்றாலே நெஞ்சடைக்கும் காலத்தில் வாழ்ந்தவர் அவர். தந்தி என்றால் சாவு என்பதுதான் அந்தக் காலத்து வழக்கு. கடைசியில் அவர் கேட்டதை மாணவி கட்டுரையின் முடிவில், மை நிறம் மாறியிருக்க, பின்னால் சேர்த்த ஒரே வரியாக எழுதியிருந்தாள்: அந்த 93 பேர் வீட்டுக்குத் தந்தி போயிற்றா, அதில் என்ன எழுதியிருந்தது?

ஆசிரியை நோட்டைத் திருத்தியிருக்கிறார். ‘மூழ்கிணார்கள்’ என்பதில் ணகரத்தைச் சுழித்து னகரமாக்கியிருக்கிறார். ‘காசி’ என்று வந்த ஏழு இடத்திலும் சிவப்பு மையில் ‘ஸி’ போட்டிருக்கிறார். எட்டாவது இடம் கண்ணில் படவில்லை போலும், அப்படியே இருக்கிறது. பத்துக்கு எட்டு மதிப்பெண். கடைசி வரிக்கு நேரே, ஓரத்தில், பென்சிலால் சின்னதாக ஒரு குறிப்பு: விசாரிக்க வேண்டும்.